பாவல் பொறியில ஈ விழேல்லை

குழு: விசுவமடு தோட்டக்காரர்

றெட்பானா தம்பி, 6:12
பாவல் பந்தலில போத்தல் பொறி கட்டி 9 நாள். ஒரு ஈயும் விழேல்லை. பிஞ்சு மட்டும் கோணி மஞ்சளாகுது. உள்ளுக்கு வைச்சது மெதைல் யூஜினோல், ஈயை இழுக்கிற மணமருந்து.

மாங்குளம் அண்ணை, 6:20
அது மா, கொய்யா ஈக்கு வைக்கிறதடா தம்பி. பாவல், புடோல், பீர்க்கில குத்துற ஈ வேற. அதுக்குக் கியூலூர் வேணும்.

ஒட்டுசுட்டான் அக்கா, 6:24
ஒரு ஈயைப் பிடிச்சு முதுகைப் பார். ரெண்டு கரையிலயும் மட்டும் மஞ்சள் கோடெண்டால் மாம்பழ ஈ. நடுவிலயும் ஒண்டு ஓடினால் பாவல் ஈ. செட்டை நுனியில கருந்திட்டும் இருக்கும்.

றெட்பானா தம்பி, 6:51
[படம்]
மூண்டு கோடு அக்கா.

மாங்குளம் அண்ணை, 6:58
அப்ப புதுப் போத்தல் எடு, பழையதில மற்ற மணம் ஊறியிருக்கும். 1 லீற்றர் போத்தலில மேல்பாதியில சின்னவிரல் போற அளவுக்கு 4 ஓட்டை. கியூலூரில நனைச்ச பஞ்சைக் கம்பியில கட்டி ஓட்டை மட்டத்தில தொங்கவிடு. அடியில ரெண்டு விரற்கடை சவர்க்காரத் தண்ணி. கம்பிக்குக் கிறீஸ் பூசு, இல்லாட்டி எறும்பு செத்த ஈயை இழுத்துப்போடும், எண்ணிக்கை பிழைச்சுப்போம். நிழலில கட்டு.

ஒட்டுசுட்டான் அக்கா, 7:03
ஒரு துளியும் போத்தலுக்கு வெளியில படவிடாதை. பட்டால் ஈ வெளியிலயே குந்தியிருக்கும். பழைய பஞ்சைத் தோட்டத்துக்குள்ள எறிஞ்சாலும் அதே கதைதான்.

மாங்குளம் அண்ணை, 7:10
இதை எல்லாரும் வாசியுங்கோ. பொறியில விழுறது ஆண் ஈ, காயில குத்துறது பெண். மிஞ்சின கொஞ்ச ஆணே இனம் பெருக்கக் காணும். பொறியை நம்பிச் சும்மா இருந்தால் காய் போயிடும். கிழமைக்கு ஒருநாள் எண்ணிக் கலண்டரில குறியுங்கோ. ஏறத் தொடங்கினால் பிஞ்சுக்குப் பேப்பர் உறை போடுங்கோ, பூ வாடின கையோட. குத்துப்பட்ட காயைத் தினமும் பொறுக்கிக் கறுப்புப் பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி வெயிலில போடுங்கோ. புழு மண்ணுக்குள்ள இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அதுக்கு இடங்குடுக்கக் கூடாது.

முறிகண்டி மாமா, 7:32
முந்திரிகைக் கொடியின்ர இலை செம்பு நிறமாகுது. அதுக்கும் பொறி கட்டலாமோ?

ஒட்டுசுட்டான் அக்கா, 7:40
சிற்றுண்ணியாயிருக்கும் மாமா. அதுக்கு இந்தப் பொறி சரிவராது. இலையை வெள்ளைத் தாளில தட்டிப் பாருங்கோ, தூசி மாதிரிப் புள்ளியள் ஊர்ந்தால் அதுதான். கண்ட பூச்சி மருந்தும் அடிச்சுப்போடாதேங்கோ. சிற்றுண்ணியைத் தின்னுற பூச்சி செத்துப்போம், பிறகு ரெண்டு மடங்காய்ப் பெருகும்.

றெட்பானா தம்பி, 7:44
கியூலூர் எங்க எடுக்கலாம்?

மாங்குளம் அண்ணை, 7:46
விவசாயப் போதனாசிரியரைக் கேள். வாங்கேக்க பேரை வாசிச்சு வாங்கு.