தைலமரக் கன்று: ஐப்பசி மழைக்கு ஒரு கணக்கு, உறைபனிக்கு ஒரு கணக்கு

புதுவயல் புஞ்சைக்காரர்:

குளிர் ஊர்ல நிலம் வச்சிருக்கிற நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைங்க சில பேரு ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. "அண்ணே, நீங்க ஆர்.எஸ்.பதி மரம், அதான் தைலமரம், யூகலிப்டஸ், போடுறவுகதானே, கன்னு எந்த மாசம் வைக்கணும்?" எங்க மாசத்தைச் சொன்னா அங்க செல்லாது. ஆனா மாசத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். கன்னுக்கு எந்தக் காலம் எமனோ, அந்தக் காலத்துலேர்ந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும். அது வர்றதுக்குள்ள வேர் குழியைத் தாண்டி வெளிமண்ணைப் பிடிச்சிருக்கணும். எங்க பக்கம் எமன் சித்திரை வெயில். மலை மேல உறைபனி. என் அனுபவத்தை முதல்ல எழுதுறேன். மத்தவங்க அவங்கவங்க கண்டதைச் சொல்லுங்க.

எங்க புஞ்சை செம்மண் சரளை. சில இடத்துல ரெண்டடி தோண்டினாலே செம்பூரான் கல் தட்டும். ஐயா காலத்துல கடலை போட்ட நிலம். மானாவாரிதான். இங்க மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். தீபாவளியை ஒட்டி ரெண்டு நல்ல மழை இறங்கணும். குழியில கையை விட்டுப் பார்த்தா அடிவரைக்கும் ஈரம் தெரியணும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வைக்கவே கூடாது. ஒரு மழையை நம்பி புரட்டாசியிலயே வச்சவங்க, நடுவுல வெயில் காஞ்சதும் குடத்துல தண்ணி சுமந்ததை நான் நெறைய பார்த்திருக்கேன்.

இப்ப எல்லாரும் வைக்கிறது குளோன் கன்னு, அதாவது விதையில வராம, நல்ல தாய்மரத்துக் குச்சியை வேர்விட வச்சு எடுக்கிறது. தென்னைநார்க் கழிவு அடைச்ச சின்னக் கப்புல வரும். நாத்தங்கால்ல போய் நின்னா உயரமா இருக்கிற கன்னுமேலதான் கண்ணு போகும். அது வேண்டாம். ஒண்ணரைச் சாண் உயரம் போதும். கப்பைக் கவுத்து மெல்லத் தட்டி ஒரு கன்னை வெளியே எடுத்துப் பாருங்க. வேர் நுனி வெள்ளையா இருக்கணும், நார்க்கட்டி உதிராம நிக்கிற அளவுக்கு வேர் பின்னியிருக்கணும். அடியில பழுப்பு நிறத்துல சுருண்டு சுருண்டு கிடந்தா, அந்தக் கன்னு கப்புக்குள்ள அதிக நாள் கிடந்திருக்குன்னு அர்த்தம். அந்தச் சுருள் மண்ணுக்குள்ள போனாலும் நேராகாது. மேலுக்கு நல்லாத்தான் வளரும், ஆனா ரெண்டு மூணு வருசம் கழிச்சு காத்தடிச்சா அடியோட சாஞ்சிடும்.

அப்படியே இலையையும் திருப்பிப் பாருங்க. நடுநரம்பும் காம்பும் முடிச்சு முடிச்சா வீங்கியிருந்தா வாங்காதீங்க. அது முடிச்சுக் குளவி. ஆஸ்திரேலியாவுலேர்ந்து பல நாட்டுக்குப் பரவி, 2001 வாக்குல தென்னிந்தியாவுக்குள்ள வந்துச்சு. குளவி கண்ணுக்குச் சட்டுன்னு தெரியாத அளவு பொடிசு, ஆனா இளங்கன்னோட கொழுந்தை வளரவிடாம முடக்கிப் போட்டுடும்.

குழி ஓரடிக்கு ஓரடி. வரிசைக்கு வரிசை 3 மீட்டர், கன்னுக்குக் கன்னு ஒண்ணரை மீட்டர் விட்டா ஏக்கருக்குச் சுமார் 900 கன்னு பிடிக்கும். குழியில வேப்பம்புண்ணாக்கு போடுறோம், கரையானுக்காக. முதல் வருசம் கரையான்தான் பெரிய பகை. மேல பச்சையா இருக்கிற கன்னு திடீர்னு தொங்கும். பிடிச்சு இழுத்தா எதிர்ப்பே இல்லாம கையோட வந்துடும். பார்த்தா மண்ணுக்குக் கீழ பட்டையைச் சுத்தி வளையமாத் தின்னிருக்கும். ஆடு, மாடு இந்த இலையில வாய் வைக்காது, மிதிக்காமப் பார்த்துக்கிட்டாப் போதும்.

மாசி பிறந்ததும் கடலைத் தொலியோ வைக்கோலோ தூரைச் சுத்தி மூடாக்குப் போடுவோம். அதுதான் ஆடி வரைக்கும் ஈரத்தைக் காப்பாத்துது.

எமரால்டிலிருந்து, தேவகோட்டைக்காரன்:

அண்ணே, நீங்க கடைசியா எழுதுன மூடாக்கு விஷயத்துலேர்ந்தே தொடங்குறேன். உறைபனி விழுற இடத்துல அதை அந்தக் காலத்துல போடக் கூடாது. எனக்கும் நம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஊர்ல மூடாக்குன்னா கன்னுக்குப் பாதுகாப்புன்னு பார்த்து வளர்ந்தவங்க நாம.

நான் வேலைக்காக நீலகிரி வந்து இங்கயே தங்கிட்டேன். பக்கத்துத் தோட்டத்துல வேலி ஓரமா நீலகிரித் தைலமரம், அதான் குளோபுலஸ், வரிசையா வச்சிருந்தாங்க. மேல் வரிசையில களை எடுத்து மண்ணை வெறுமையா விட்டிருந்தாங்க. அதுக்கடுத்த பாத்தியில புல்லு அப்படியே நின்னுச்சு, தூருக்கு வைக்கோலும் போட்டிருந்தாங்க. தை மாசம் ஒரு விடியக்காலையில பனி வெள்ளையா விழுந்து கிடந்துச்சு. வெறும் மண்ணுல நின்ன கன்னுக்கு நுனி மட்டும் கருகுச்சு. புல்லுக்கு நடுவுல நின்ன கன்னு முழுசாப் போச்சு. காரணத்தை அந்தத் தோட்டத்துப் பெரியவர்தான் விளக்கினார். பகல்ல வெயில் பட்ட ஈர மண்ணு சூட்டைச் சேர்த்து வச்சுக்கிட்டு, ராத்திரி கொஞ்சங்கொஞ்சமா வெளியே விடும். கன்னு அந்தச் சூட்டுலதான் உயிர் பிழைக்குது. வைக்கோலும் புல்லும் நடுவுல கிடந்தா பகல்ல சூடு மண்ணுக்குள்ள இறங்காது, ராத்திரி மேலயும் வராது.

இன்னொண்ணு சரிவு. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியிலதான் உறைபனி விழும். குளிர்ந்த காத்து கனமாகி, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கும். ஓடை ஓரத்துக் கடைசி வரிசைதான் வருசா வருசம் அடி வாங்குது. அம்பதடி மேல ஏறினா அதே வயசுக் கன்னு சேதமில்லாம நிக்குது. நிலம் பார்க்கிறவங்க, எங்க வெள்ளை படியுதுன்னு ஒரு குளிர்காலம் பார்த்துட்டு அப்புறம் குழி எடுங்க.

இங்க நடுறது ஆனி, ஆடியில, தென்மேற்கு மழை பிடிச்சதும். பனி நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். அண்ணன் சொன்ன பின்னாடி எண்ணுற கணக்குல பார்த்தா, வேருக்கு நாலஞ்சு மாசம் கிடைக்குது. தண்ணி வசதி இருக்குன்னு ஐப்பசியில நட்டா அந்தக் கன்னு தைக்குள்ள போயிடும்.

பனி அடிச்ச இலையைக் கையில எடுத்தா முதல்ல வெந்நீர்ல போட்ட கீரையைப் போல துவண்டு, கருத்துக் கிடக்கும். ரெண்டு நாள்ல காஞ்சு மொறமொறன்னு ஆயிடும். உடனே பிடுங்கிடாதீங்க. தண்டை நகத்தால லேசாச் சுரண்டிப் பாருங்க. பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு. மேல்தண்டு செத்தாலும் தூர்ல ஒரு புடைப்பு இருக்கும், அதுலேர்ந்து சித்திரையில குருத்து கிளம்பும். அதுல நல்லதா ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடணும்.

தேயிலைக்கு இங்க தாகைச் செடியை வெட்டி மேல பரப்புவாங்க. ஊட்டி தாவரவியல் பூங்காவுல கோத்தகிரி மிலார்ங்கிற செடியை வச்சு மூடுறதும், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கிறதும் உண்டு. நாலு கன்னுன்னா அந்த மாதிரி மேல மூடலாம். மூடுறது தலைக்கு மேல இருக்கணும், தூர்ல கிடக்கக் கூடாது.

ஒண்ணு மட்டும் மனசு கேக்காமச் சொல்றேன். 1843ல் கேப்டன் காட்டன் நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் இது. விறகுப் பஞ்சத்துக்குன்னு பரப்பி, பரப்பி, புல்வெளியும் சோலையும் நெறைய இடத்துல காணாமப் போச்சு. இப்ப வனத்துறையே அந்நிய மரங்களை எடுத்துட்டு சோலையை மீட்கிற வேலையில இருக்கு. சோலை ஓரத்துலயும் சதுப்பு நிலத்துலயும் யாரும் இதை வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

கண்டனூர்ப் பக்கத்திலிருந்து:

புதுவயல் அண்ணனுக்கு. எந்த மாசம் வைக்கிறதுன்னு எழுதுன மாதிரி, எந்த இடத்துல வைக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கணும்.

எங்க கண்மாய்க்கு மேக்க பெரிய தைலமரக் காடு இருக்கு. யாரோடதுன்னு இங்க சொல்லலை. கன்னு வச்சப்ப மழைத்தண்ணி காட்டுக்குள்ளயே நிக்கணும்னு சரிவுக்குக் குறுக்க நெடுக வரப்பு போட்டாங்க. இளங்கன்னுக்கு அது நல்லதுதான். ஆனா எங்க கண்மாய்க்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்காலுக்கு அந்தச் சரிவுலேர்ந்து வர்ற தண்ணிதான். வரப்பு போட்டதுக்கப்புறம் நல்ல மழை வருசத்துலகூட கால்ல தண்ணி ஓடிப் பார்க்கிறது அபூர்வமாயிடுச்சு. கண்மாய் பாதிகூட நிறையலை. கடைமடைக்காரங்க நெல்லை விட்டுட்டாங்க. எங்க அப்பத்தா, ஊரணியில குடிதண்ணி எடுத்தவங்க, கோடையில கிணத்துல வாளி தரை தட்டுற சத்தத்தைக் கேட்டா இன்னைக்கும் அந்தக் காட்டைத்தான் திட்டுவாங்க.

செட்டிநாட்டுல வீட்டுக் கூரைத்தண்ணியைக்கூட ஊரணிக்கு வழி பண்ணிவிட்ட ஊருங்க நம்மது. வரத்துக்காலை மறிச்சு எந்த மரத்தையும் வைக்கலாமா? கர்நாடகத்துல 2017லயே புதுசா யூகலிப்டஸ் நடக்கூடாதுன்னு அரசு தடை போட்டாச்சு.

புதுவயல் புஞ்சைக்காரர்:

நியாயம்தாம்மா. கண்மாய் நீர்ப்பிடிப்புல இதை வைக்கக் கூடாதுங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை. எங்க புஞ்சை எந்த வரத்துக்காலுக்கும் மேல இல்லை, கிணத்தைவிட்டும் தள்ளித்தான் வச்சிருக்கேன். குறுக்கு வரப்பும் கிடையாது, குழிக்குச் சுத்தி வட்டப் பாத்தி மட்டும்தான். கன்னு வாங்குறதுக்கு முன்னாடி, பெய்யிற மழையில குடை பிடிச்சு நிலத்துல நின்னு, தண்ணி எங்கேர்ந்து எங்க போகுதுன்னு பார்க்கணும். அது யாரோட கண்மாய்க்காவது போகுதுன்னா அந்த நிலத்துக்குக் கடலையோ உளுந்தோ போதும்.

கான்பெராவிலிருந்து, கானாடுகாத்தான் பொண்ணு:

இந்த மரத்தோட சொந்த நாட்டுலேர்ந்து எழுதுறேன். கான்பெராவுல குளிர்காலம் ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும். ராத்திரியில மைனஸ் 5 டிகிரி சாதாரணம். நம்ம ஊர் மரமும் இதுவும் ஒரே பேருன்னாலும் குணம் வேற. அண்ணன் வைக்கிறது கமால்டுலென்சிஸ், டெரெடிகார்னிஸ்ங்கிற யூகலிப்டஸ் இனங்க வழி வந்தது, வெப்பத்துக்கு உள்ளது. இங்க மலையில யூகலிப்டஸ் பௌசிஃப்ளோரான்னு ஒரு இனம், பனிமரம்னு சொல்லலாம், அது பனிப்பொழிவுலயே நிக்குது. டாஸ்மேனியா மேட்டுநிலத்து 'கன்னி' (Eucalyptus gunnii) இனமும் கடுங்குளிர் தாங்கும், அதனாலதான் இங்கிலாந்துல வீட்டுத் தோட்டங்கள்ல அதை வைக்கிறாங்க. ஆக முதல்ல இனத்தைத் தேர்ந்தெடுங்க, மாசம் அப்புறம். குளிர் ஊருக்குக் காரைக்குடி நாத்தங்கால் கன்னைக் கொண்டுபோறதுல அர்த்தமே இல்லை.

பனிமரத்து விதையை ஈரத்தோட சில வாரம் ஃபிரிட்ஜில வச்சுத்தான் விதைக்கணும். குளிர்காலம் முடிஞ்சிடுச்சுன்னு விதைக்குத் தெரியணும், அப்பத்தான் முளைக்கும்.

தேவகோட்டை அண்ணன் சொன்ன புல்லு விஷயம் இங்கயும் அப்படியே. அதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. உறைஞ்ச இலைமேல காலை வெயில் சுளீர்னு பட்டா சேதம் அதிகம். குளிர்ல இலையால அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாம, வெளிச்சமே இலையைக் கெடுக்குது. மலையில போய்ப் பார்த்தா பெரிய மரத்துக்குத் தெற்குப் பக்கத்துலதான் இளங்கன்னு கூட்டமா நிக்கும். இங்க சூரியன் வடக்க சாஞ்சு போறதால தெற்குதான் நிழல். நம்ம பக்கத்து மலைக்கு இது தலைகீழ். அதனால நான் கன்னுக்குக் கிழக்க ஒரு பலகையோ பழைய சாக்கோ நட்டு, காலை வெயிலை மட்டும் மறைக்கிறேன். பால் அட்டைப் பெட்டியை அடி வெட்டி ரெண்டு குச்சியில மாட்டுறது இங்க எல்லாரும் செய்றது, முயலுக்கும் அதுதான் காவல்.

நடுறது செப்டம்பர் கடைசி, அக்டோபர்ல, கடும்பனி ஓஞ்சதும். கோடை முழுக்க வேர் ஓடும். தழைச்சத்து உரத்தைக் கோடையோட நிறுத்திடணும். குளிருக்கு முன்னாடி போட்டா தளதளன்னு கொழுந்து விடும், முதல் பனியிலயே அது போயிடும். இந்த மரம் குளிர்காலம்னு இலையை உதிர்த்துட்டுத் தூங்காது. கொஞ்சம் வெதுவெதுப்பு கிடைச்சாலும் துளிர்க்கும். குளிர் மெல்ல மெல்லக் கூடுனா பழகிக்கும், திடீர்னு ஒருநாள் விழுற பனியைத்தான் தாங்காது.

ஒரு சந்தேகம் அண்ணே. இங்க காத்து ரொம்ப. ஊர்ல கன்னுக்குக் குச்சி கட்டுவீங்களா?

புதுவயல் புஞ்சைக்காரர்:

கட்டுறதில்லைம்மா. காத்துல ஆடுனாத்தான் தண்டு தடிக்கும், வேரும் அகலும். கட்டி வச்சா மேலுக்கு மட்டும் நீண்டுடும், அவுத்ததும் சாயும். காத்து அப்படி அடிக்கிற இடம்னா ரெண்டு பக்கமும் குச்சி நட்டு, தண்டோட கீழ்ப்பாதியில, ஆட இடம் விட்டு, துணிக் கயித்தால தளரக் கட்டு. தண்டு கொஞ்சம் தடிச்சதும் அவுத்துடு. விட்டா கயிறு பட்டைக்குள்ள இறங்கிடும்.