மாமனாருக்குச் சர்க்கரை, பிள்ளைகளுக்கு அடம்: ஒரே உலையில் என்ன வைப்பது?

குப்பத்து மருமகள்:
வீட்டில் ஆறு பேர். மாமனாருக்குச் சர்க்கரை. மூன்று வேளையும் அரிசி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உடனே கணவர் பெங்களூரிலிருந்து சாமை, தினை, வரகு, குதிரைவாலி எனப் பை பையாக வாங்கிவந்து அடுக்கிவிட்டார். சமைப்பவள் நான். சாமை குழைந்து கூழாகிறது, வரகு நறுக்கென்று நிற்கிறது, பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிறார்கள். மாமனாரோ, "1983-இல் ஆந்திர முதலமைச்சர் என்.டி. ராமராவ் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி போட்ட பிறகுதான் இந்த வீட்டில் தினமும் சோறு வெந்தது. அதுவரை களிதான். மறுபடியும் அதற்கே போகச் சொல்கிறாயா?" என்கிறார். களி வேண்டாம் என்பவர், இரவில் ராகிக் கூழ் மட்டும் இரண்டு சொம்பு குடிக்கிறார். சர்க்கரை இறங்கவே இல்லை. தனித்தனியாக இரண்டு சமையல் செய்ய என்னால் முடியாது. வழி சொல்லுங்கள்.

வி.கோட்டா மில்காரர்:
அம்மா, நான் மாவு மில் வைத்திருப்பவன். வருகிறவர்கள் தானியத்தின் பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள், நிறத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு நெடுநாளாக இந்த ஆற்றாமை உண்டு. ராகி, கம்பு, சோளம் மூன்றையும் புடைத்தால் போதும், தவிட்டோடு அப்படியே அரைக்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி அப்படியல்ல. உமி நீக்காமல் தின்ன முடியாது. உமி நீக்கும்போதே இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் ஓட்டினால் தவிடும் போய்விடும். பளிச்சென்று வெளுத்து வரும், கடையில் வண்டு சீக்கிரம் விழாது, விலையும் கூட. அப்படி வெளுத்த சாமைக்கு அரிசியே மேல், விலையாவது குறைவு. உங்கள் பைகளைத் திறந்து பாருங்கள். சாமை மங்கிய பழுப்பாக இருக்க வேண்டும். தினை நல்ல மஞ்சள்.

கூழ் விஷயத்துக்கு வருகிறேன். மாவு எவ்வளவு நைசாக அரைபடுகிறதோ, எவ்வளவு நீர்த்து வேகிறதோ, அவ்வளவு வேகமாக இரத்தத்தில் சர்க்கரை ஏறும். ராகி என்பதற்காக அதற்குச் சலுகை கிடையாது. இரவுக் கூழை நிறுத்துங்கள். மாவைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி, மதியம் ஒரே ஓர் உருண்டை களி கொடுங்கள். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் நொய்யரிசியை வேகவிட்டு, அதன்மேல் ராகி மாவைக் கொட்டி, மூடி வைத்து, ஆவியில் வெந்த பிறகே துடுப்பால் கிண்டுவோம். கட்டி விழாது. சோறும் கலந்திருப்பதால் உங்கள் மாமனாரின் மானமும் போகாது! கொள்ளுக் குழம்போ கீரைக் கடைசலோ தாராளமாக ஊற்றுங்கள். கம்பு மாவை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம், சீக்கிரம் கசந்துபோகும்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
பெரியவரை ஏன் வாட்டுகிறீர்கள்? இல்லாத காலத்தில் தின்றதை வயதான காலத்தில் மருந்து என்று நீட்டினால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் மட்டை அரிசி உண்டு. புழுங்கல் அரிசி, தவிடு முழுவதும் போகாதது. அதில் ஒரு கரண்டிச் சோறு, அதைவிட இரண்டு மடங்கு கூட்டும் பொரியலும். பிள்ளைகளுக்கு ராகிப் புட்டு அவித்துக் கடலைக்கறியோடு வையுங்கள். களியைத் தொடாத என் பேரன் புட்டுக்குழலைச் சுரண்டுகிறான்.

சித்தூர் உணவியலாளர்:
ஐயா, மட்டை அரிசியும் அரிசிதான். ஒரு கரண்டி என்பதை மறந்தால் பயனில்லை. அதேபோல் சிறுதானியம் என்று சொல்லி இரண்டு தட்டு சாப்பிட்டாலும் பயனில்லை. 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சாமையில் சுமார் 65. இவ்வளவுதான் இடைவெளி. உண்மையான வேறுபாடு நார்ச்சத்தில்: வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, தவிடு நீக்காத ராகியில் 11 கிராம். ராகியில் சுண்ணாம்புச் சத்தும் 300 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது.

சாமையை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, அகன்ற பாத்திரத்தில் வேகவையுங்கள். குக்கரில் குழையத்தான் செய்யும். மாமனாருக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்தாயிற்றா? சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் தினமும் ராகி கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது தைராய்டு குறைபாடு இருந்தால் கம்பு அன்றாட உணவாக வேண்டாம். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

குப்பத்து மருமகள்:
பைகளைப் பார்த்தேன். சாமை பச்சரிசியைவிட வெள்ளை! கணவரிடமும் காட்டினேன், அவர் பேசவில்லை. களியில் நொய் போடலாம் என்றதும் மாமனார் ஞாயிற்றுக்கிழமை கொள்ளுக் குழம்போடு பார்க்கலாம் என்கிறார். இரத்தப் பரிசோதனைக்கு நாளை அழைத்துப் போகிறோம். அந்த வரகை என்ன செய்வது?

வி.கோட்டா மில்காரர்:
இட்லி அரிசியில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வரகைப் போட்டு ஊறவையுங்கள். உளுந்தைக் குறைக்காதீர்கள். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை. பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.