கான்சர் செல்லைத் தானாச் சாகப்பண்ணுற குளிசையாம், விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ

பரந்தன் பெடியன்:
அப்பாவுக்கு சிஎல்எல் எண்டுற ரத்தக் கான்சர், 17பி டிலீஷனும் (17ஆம் குரோமோசோமில ஒரு துண்டு இல்லாமப் போறது) இருக்கெண்டு மகரகம கான்சர் ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டினம், வழமையான கீமோ உதுக்குப் பெரிசாக் கேக்காதாம், வெனிடோகிளாக்ஸ் எண்டொரு குளிசை பற்றி டொக்டர் கதைச்சவர். செல்லைத் தற்கொலை செய்யப்பண்ணுமாம். கிளினிக்கில அவ்வளவு சனம், வடிவாக் கேக்க ஏலாமப் போச்சு. உடம்பு முழுக்கப் போற மருந்து நல்ல செல்லையும் சாகடிக்காதோ?

லாப்காரன்:
தம்பி, சாகிறதுக்கான ஏற்பாடு எங்கட செல்லுகளுக்குள்ளயே கிடக்கு, அப்பொப்டோசிஸ் எண்டு 1972இல பேர் வைச்சவை. பழுதாப்போன செல் தன்னைத்தானே முடிச்சுக்கொள்ளவேணும். சிஎல்எல் செல் முடிக்காது, ஏனெண்டா அதுக்குள்ள பிசிஎல்-2 எண்ட புரதம் கனக்கக் கிடக்கு, அது செல்லைச் சாகச் சொல்லுற பிம் எண்ட இன்னொரு புரதத்தை நாயைக் கட்டின மாதிரிக் கட்டி வைச்சிருக்கும். குளிசை போய்க் கயித்தை அவிழ்க்குது, அவ்வளவுதான். பேந்து செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகொண்ட்ரியாவில ஓட்டை விழும், சைட்டோகுரோம் சி எண்ட புரதம் வெளிய வரும், கஸ்பேஸ் நொதியங்கள் செல்லைத் துண்டு துண்டா வெட்டிப்போடும்.

நல்ல செல்லுகள் பெரும்பாலும் பிசிஎல்-2வை இவ்வளவு நம்பி இருக்கிறேல்ல, அதால தப்பும். ஆனா வெள்ளணு குறையும், காய்ச்சல் வந்தா பனடோலைப் போட்டுட்டுப் படுக்கிறேல்ல, உடன ஆஸ்பத்திரி.

கீமோ கேக்காததுக்குக் காரணம், அது பெரும்பாலும் பி53 எண்ட காவல் புரதம் வழியாத்தான் செல்லைச் சாகச் சொல்லுறது, 17பி போனா பி53உம் போச்சு. குளிசை அதுக்குக் கீழ உள்ள படியில வேலை செய்யுது. 2016இல அமெரிக்காவில முதல் அனுமதி குடுத்ததே 17பி போன ஆக்களுக்குத்தான். இதுக்கு முதல் வந்த நாவிடோகிளாக்ஸ் எண்ட மருந்து பிசிஎல்-எக்ஸ்எல் எண்ட கூடப்பிறந்த புரதத்தையும் சேத்துப் பிடிச்சுது, ரத்தத்தை உறையப்பண்ணுற பிளேட்லெட் உயிரோட இருக்கிறதே அதாலதான், பிளேட்லெட் எண்ணிக்கை சடாரெண்டு விழுந்திட்டுது.

வவுனியா அக்கா:
நான் வார்ட்டில வேலை செய்யிறனான் தம்பி. செல் சாகாதெண்டதை விட, ஒரேயடியாக் கனக்கச் சாகிறதுதான் எங்களுக்குப் பயம். உடைஞ்ச செல்லுக்குள்ள இருந்த பொட்டாசியமும் யூரிக் அசிட்டுக்குரிய சாமானும் ரத்தத்தில கொட்டுப்படும், சிறுநீரகம் அடிபடும், இதயமும் குழம்பும். அதாலதான் 20 மில்லிகிராமில தொடங்கி 50, 100, 200, 400 எண்டு கிழமைக்குக் கிழமை கூட்டுறது. முதல் குளிசை போட்டு 6–8 மணித்தியாலத்திலயும் 24 மணித்தியாலத்திலயும் ரத்தம் பாக்கவேணும், அண்டிரவு பஸ்ஸுக்கே ரிக்கெட் போட்டிடாதேங்கோ. எங்கட பக்கம் சிறுநீரக வருத்தம் கனபேருக்கு இருக்கு, அப்பான்ர கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற ரத்த அளவு) எவ்வளவெண்டு முதலே கேளுங்கோ. தண்ணி எவ்வளவு குடிக்கிறதெண்டும் டொக்டரே சொல்லட்டும்.

முறிகண்டியான்:
கட்டு அனோதா (முள்ளுச் சீத்தா) இலையை அவிச்சுக் குடுங்கோ, அதுவும் உந்த அப்பொப்டோசிஸைத்தான் செய்யுதாம், யூடியூப்பில ஒராள் விளங்கப்படுத்தினவர்.

லாப்காரன்:
அண்ணை, கோப்பைக்குள்ள வளர்த்த செல்லில எத்தினையோ சாறு அப்பிடிச் செய்யும், ஆளுக்குக் குடுத்துச் சுகமாக்கிக் காட்டினதுதான் இல்லை. வெனிடோகிளாக்ஸை ஈரல்தான் ஒரு நொதியத்தால உடைக்கிறது, அந்த நொதியத்தைத் தடுக்கிற சாமான் தின்டா மருந்து ரத்தத்தில ஏறிப்போடும். கிரேப்ஃபுரூட்டும் காமரங்காயும் தொடவே கூடாது. இலை என்ன செய்யுமெண்டு ஆருக்குத் தெரியும்?

பரந்தன் பெடியன்:
ஐயோ காமரங்கா வளவுக்க காய்ச்சுக் கொட்டுது, அப்பா உப்பும் தூளும் போட்டு ஒவ்வொரு நாளும் தின்னுறவர். அக்கா, கிரியேட்டினின் 1.6 எண்டு துண்டில கிடக்கு, உது கூடவோ?

வவுனியா அக்கா:
கூடத்தான். துண்டைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுங்கோ, குளிசை தொடங்க முதல். காமரங்கா பழுதான சிறுநீரகத்துக்கே கூடாது, இண்டையோட நிப்பாட்டுங்கோ.