கோடை விடுமுறையில் வீட்டிலிருந்து பல்கலைக்கழக நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி?

காலாப்பட்டு_மாணவி:

புதுவைப் பல்கலைக்கழக விடுதியைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எட்டு நாள்தான் இருக்கு. வீடு கடலூர் மஞ்சக்குப்பம், இனி ஜூலையில்தான் திரும்புவேன். முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. தலைப்பு புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள்: 1936 ஜூலை 30 சவானா ஆலைத் துப்பாக்கிச் சூடு, அதுக்கப்புறம் வந்த எட்டு மணி நேர வேலை ஆணை.

வளாகத்தில் திறக்கிற ஆய்விதழ்கள் வீட்டில் திறக்குமா? கையில் இருக்கிற ஆறு புத்தகத்தை என்ன செய்யறது? இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வெச்சிருக்கிற ஷோத்கங்கா தளத்தில் தமிழ் ஆய்வேடு தேடினா உருப்படியா எதுவும் வரலை, அது ஏன்? கடலூரிலிருந்து காலையில் பஸ் ஏறி சாயங்காலம் திரும்பற தூரத்தில் வேற எங்கே போய்ப் பார்க்கலாம்?

அடுக்கெண்_954:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், மத்ததுக்கு இங்கே ஆள் இருக்காங்க.

வளாகத்தில் எந்தக் கடவுச்சொல்லும் கேட்காம இதழ் திறக்குதே, காரணம் பதிப்பகத்தின் சர்வர் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியை அடையாளம் வெச்சிருக்கு. வீட்டு பிராட்பேண்டுக்கு வேற முகவரி. அதனால அதே கட்டுரை காசு கேட்கும். இதைத் தாண்டத்தான் தொலைநிலை அணுக்கக் கணக்கு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துற இன்ஃபெட்ங்கிற நுழைவுக் கணக்கு முறை வழியா வர்றது ஒரு வகை. நூலகமே தனியா ஒரு போர்ட்டலோ ஆப்போ வாங்கித் தர்றது இன்னொரு வகை. உங்க நூலகம் எதைத் தருதுன்னு மின்வளப் பிரிவில் கேட்டாலே சொல்லிடுவாங்க.

இந்த எட்டு நாளைக்குள்ள செய்ய வேண்டியது: பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியோடு போய்க் கணக்கு திறக்கச் சொல்லுங்க. ஜிமெயில் கொடுத்தா பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் ஞாபகம் இருக்கான்னு அங்கேயே பார்த்துடுங்க. செயலாக்க இணைப்பு அதுக்குத்தான் வரும், சில நாளில் காலாவதியும் ஆயிடும். கணக்கு வந்ததும் நூலக வைஃபையில் சோதிக்காதீங்க, அங்கே எப்படியும் திறக்கும். போனில் வைஃபையை அணைச்சு மொபைல் டேட்டாவில் ஒரு கட்டுரையை முழுசா இறக்கிப் பாருங்க. அதுதான் உண்மையான சோதனை.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டுற ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கு. 30 பதிப்பகம், ஏறத்தாழ 13,000 இதழ். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் கல்லூரி அரசுப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருந்தாலும் முதல் கட்டத்தில் சேராது, இதைப் படிக்கிற கல்லூரி மாணவர்கள் கவனிங்க. அப்புறம் அது இதழ்களுக்கு மட்டும்தான். அதே பதிப்பகத்தின் மின்னூலில் ஒரு அத்தியாயத்தைச் சொடுக்கிட்டு ‘திட்டம் வேலை செய்யலை’ன்னு புகார் சொல்றவங்கதான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்குப் போறோமேன்னு கடைசி நாளில் உட்கார்ந்து ஒரு இதழின் முப்பது வருஷத் தொகுதியையும் வரிசையா இறக்காதீங்க. பதிப்பகத்தின் மென்பொருள் அதை ரோபோன்னு நினைச்சு உங்களை மட்டும் தடுக்காது, அந்த ஐபியையே தடுக்கும். மொத்த வளாகத்துக்கும் அந்த இதழ் போயிடும். வேணுங்கிறதை நாலு நாளாப் பிரிச்சு இறக்குங்க.

காலாப்பட்டு_மாணவி:

நன்றி சார். இன்னைக்கே டேட்டாவில் முயற்சி பண்ணேன். பதிப்பகப் பக்கத்தில் ‘நிறுவனம் வழியாக நுழைக’ன்னு இருந்துச்சு. புதுச்சேரின்னு ஆங்கிலத்தில் அடிச்சா எங்க பல்கலைக்கழகப் பேரே வரலை.

அடுக்கெண்_954:

புதுச்சேரின்னு அடிக்காதீங்கம்மா, பாண்டிச்சேரின்னு அடிங்க. ஊர்ப் பேர் 2006இல் மாறினாலும் 1985இல் பல்கலைக்கழகம் தொடங்கினப்போ வெச்ச ஆங்கிலப் பெயர் அப்படியே இருக்கு, பட்டியலில் அதுதான் இருக்கும். அப்பவும் வரலைன்னா அந்தப் பதிப்பகத்துக்கு இன்ஃபெட் இணைப்பு இல்லைன்னு அர்த்தம், நூலகப் போர்ட்டலுக்குள்ள நுழைஞ்சு அங்கிருந்து போகணும். இடையில் ஒரு பக்கத்தைப் புக்மார்க் பண்ணி வெச்சு மறுநாள் திறந்தா பிழைதான் வரும். ஒவ்வொரு தடவையும் முதல் பக்கத்திலிருந்தே நுழையணும்.

எழுத்துரு_வைத்தியர்:

ஷோத்கங்கா விஷயத்துக்கு வர்றேன். தமிழ் ஆய்வேடுகள் அங்கே நிறையவே இருக்கு. தேடினா அகப்படாததுக்கு மூணு காரணம்.

தலைப்பை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே ஏத்துது. ஒருத்தர் தமிழில் தட்டுவார், ஒருத்தர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார். தொழிலாளர்ங்கிற சொல்லில் ‘ழி’க்கு ஒரு இடத்தில் இசட்-ஹெச், இன்னொரு இடத்தில் வெறும் எல். அதனால சொல்லை வெச்சுத் தேடறதை விட்டுட்டு, பல்கலைக்கழகம், அப்புறம் துறைன்னு இறங்கி, தலைப்புப் பட்டியலைக் கண்ணாலேயே ஓட்டுங்க. வரலாற்றுத் துறையோட நிறுத்தாம தமிழ்த் துறை, பொருளியல் துறையும் பாருங்க. தொழிற்சங்கம் பத்தின வேலை எங்கே வேணும்னாலும் ஒளிஞ்சிருக்கும்.

இரண்டாவது, பல ஆய்வேடுகள் வெறும் படம். தாளை ஸ்கேன் பண்ணினது, உள்ளே எழுத்தே கிடையாது. மூணாவதுதான் கொடுமை: எழுத்து இருக்கும், ஆனா பழைய எழுத்துரு. பாமினியில் தட்டின கோப்பில் ‘தமிழ்’ங்கிற சொல்லை நகலெடுத்து ஒட்டினா ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு வரும். தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. பிடிஎஃப் கோப்பின் பண்புகள் பகுதியில் எழுத்துருப் பெயர் இருக்கும். பாமினியா, டாம் வகையான்னு அங்கே பார்த்துட்டு என்எச்எம் கன்வர்ட்டரில் அதையே தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாத்துங்க. வகையைத் தப்பா எடுத்தா ஒரு குப்பை இன்னொரு குப்பையா மாறும், அவ்வளவுதான்.

படமா இருக்கிறதுக்கு: பக்கத்தை கூகுள் டிரைவில் ஏத்தி, கூகுள் டாக்ஸில் திறன்னு கொடுத்தா படத்துக்குக் கீழே எழுத்து வரும். கோப்பு 2 எம்பிக்குள்ள இருக்கணும், அதனால அத்தியாயத்தைப் பத்துப் பத்துப் பக்கமா வெட்டிக்குங்க. அட்டவணை உடைஞ்சுதான் வரும், கூலி விகிதம் மாதிரி எண்களைக் கையால் தட்டறதே மேல். துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறும், ன-ண குழம்பும். இன்னொண்ணு, 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தின அச்சு எழுத்து. அந்தக் காலத்து ‘லை’யில் கொம்பு மேலே சுழிச்சுக்கிட்டு இருக்கும், ‘றா’வில் கால் எழுத்தோட ஒட்டியிருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறும். 1930கள் துண்டறிக்கை எதையாவது இப்படி மாத்தினா, மேற்கோள் காட்டறதுக்கு முன்னாடி மூலத்தோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க.

பழைய தமிழ் நூல், இதழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை மறந்துடாதீங்க. கணக்கும் வேண்டாம், வளாக ஐபியும் வேண்டாம். ஆசிரியர் பெயரில் தேடும்போது தலைப்பெழுத்தை விட்டுடுங்க. ரா., இரா. ரெண்டும் அங்கே வேற வேற ஆள்.

தூசிதட்டி:

ஆறு புத்தகத்துக்கு. நூலகப் பக்கத்தில் உங்க கணக்கைத் திறந்து ரெண்டு தேதியைப் பாருங்க: திருப்பித் தர வேண்டிய நாள், உறுப்பினர் காலம் முடியற நாள். இரண்டாவதை யாரும் பார்க்கிறதில்லை. ஜூன் மாசத்தோட உறுப்பினர் காலம் முடிஞ்சா, அதைத் தாண்டின புதுப்பிப்பு பல இடங்களில் நடக்காது. புதுப்பிக்கிற பொத்தானே இல்லைன்னா காரணம் மூணில் ஒண்ணு: தவணை தாண்டிடுச்சு, வேற ஒருத்தர் அதைக் கேட்டு முன்பதிவு பண்ணியிருக்கார், இல்லை புதுப்பிக்கிற எண்ணிக்கை தீர்ந்துடுச்சு. விடுமுறைக்கு நீண்ட தவணை தர்ற வழக்கம் நிறைய நூலகங்களில் உண்டு, ஆனா கேட்டாத்தான். கவுண்டரில் வாயால் கேட்டுட்டு வந்துடாம, கணக்கில் தேதி மாறியிருக்கான்னு பாருங்க.

உண்மையா ஜூலை வரைக்கும் படிக்கப் போறது ஆறில் ரெண்டுதான் இருக்கும். மிச்சத்தைக் கொடுத்துடுங்க. தேவையான பக்கங்களைச் சொந்த ஆய்வுக்காக நகலெடுத்துக்கலாம், 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு நியாயமான அளவுக்கு அதை அனுமதிக்குது. முழுப் புத்தகத்தையும் கடையில் போட்டு ஸ்பைரல் போடறது அதில் வராது. நகலெடுக்கும்போது தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், அடிக்குறிப்புப் பக்கம் மூணையும் சேர்த்து எடுங்க. ஆகஸ்டில் பதிப்பு ஆண்டு தெரியாம அல்லாடறது இதை விடறதால்தான்.

கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் புத்தகம் வைக்காதீங்க. இப்போ வர்ற பேப்பர்பேக் எல்லாம் சூட்டில் உருக்கின பசையில் ஒட்டினது, அந்தப் பெட்டிக்குள்ள ஏறுற சூட்டில் முதுகு இளகும். அந்த நிலையில் விரிச்சா நடுவில் பிளந்து தாள் கொத்தாக் கையோட வரும். வந்துட்டா செல்லோடேப் ஒட்டாதீங்க, அப்படியே ரப்பர் பேண்ட் போடாம வெள்ளை நூல் நாடாவால் கட்டிக் கொடுங்க, பைண்டிங் பிரிவு பார்த்துக்கும். கோடை மழையில் நனைஞ்சா வெயிலில் காய வைக்கக் கூடாது, அயர்ன் பண்ணவும் கூடாது. நிறுத்தி வெச்சு லேசா விரிச்சு, இருபது பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ வெச்சு, மின்விசிறிக் காத்து. டிஷ்யூவை மாத்திக்கிட்டே இருக்கணும். கடலோர ஊரில் ரெண்டு நாளில் பூஞ்சை பிடிச்சுடும்.

கெடிலக்கரை:

எங்கே போகலாம்னு கேட்டீங்க. உங்க தலைப்புக்கு முதல் இடம் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு. நெறியாளர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, புகைப்படம் இல்லாம போனா அந்த நாள் வீண். கடிதத்தை இந்த வாரமே வாங்கிடுங்க, விடுமுறையில் நெறியாளரைப் பிடிக்கிறது குதிரைக்கொம்பு. கடிதத்தில் ‘பிரெஞ்சிந்திய வரலாறு’ன்னு பொதுவா இல்லாம 1930-1940ன்னு ஆண்டும், தொழிலாளர், காவல்துறை, ஆலைன்னு பொருளும் எழுதச் சொல்லுங்க. கோப்பு எடுத்துத் தர்றவருக்கு அதுதான் பிடி. காப்பகத்தின் இணையத் தேடல் தளமான அபிலேக் படலில் முன்னாடியே தேடிக் கோப்பு எண்களைக் குறிச்சுக்கிட்டுப் போனா பாதி நாள் மிச்சம்.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி தெருவில் இருக்கு, 1955இல் தொடங்கினது. நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், வெளியே எடுத்துட்டுப் போகிற எண்ணத்தோட போகாதீங்க. ரோமன் ரோலன் நூலகம் 1827இல் தொடங்கின பொது நூலகம், அங்கே பழைய பிரெஞ்சு நூல்களைக் கேட்டுப் பாருங்க. இடைவேளை, விடுமுறை நேரமெல்லாம் போன் பண்ணிக் கேட்டுட்டுப் பஸ் ஏறுங்க.

வீட்டிலேயே செய்யறதுக்கு காலிகா, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இலவசத் தளம். 1936இல் பிரான்சில் ஆட்சியில் இருந்தது லியோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு, குடியேற்ற நாட்டு அமைச்சர் மாரியுஸ் மூத்தே. ஊர்ப் பெயரை மட்டும் போட்டா கப்பல் அட்டவணையும் நிலக்கடலை விலையும் வந்து குவியும். ஊர்ப் பெயரோட மூத்தே பெயரைச் சேருங்க. ஜூலை 31 தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைன்னு தேதியை அடைச்சுத் தேடுங்க. லுமானிதே நாளிதழ் அங்கே இருக்கு. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கொடுக்கணும், கடைசியில் ‘ஒய்’ வரணும், அதுக்கு முன்னால இருக்கிற ‘ஆர்’ ஒண்ணுதான்.

காலாப்பட்டு_மாணவி:

கடிதத்துக்கு நாளைக்கே போறேன் அண்ணா. கடைசியா ஒண்ணு. இறக்கினதையெல்லாம் மேற்கோள் விவரங்களைச் சேர்த்து வைக்கிற ஸோட்டெரோ மென்பொருளில் வெச்சிருக்கேன், இலவச இடம் நிரம்பிடுச்சுன்னு சொல்லுது.

அடுக்கெண்_954:

இலவசம் 300 எம்பிதான். ஆனா அது இணைப்புக் கோப்புகளுக்கு மட்டும், நூல் விவரமும் குறிப்புகளும் எவ்வளவு இருந்தாலும் ஒத்திசையும். அமைப்புகளில் ஒத்திசைவுப் பகுதிக்குப் போய்க் கோப்பு ஒத்திசைவை மட்டும் அணைச்சுடுங்க. பிடிஎஃப்கள் மடிக்கணினியிலேயே இருக்கும், கரண்ட் போனாலும் படிக்கலாம். ஸோட்டெரோ கோப்புறையை, மென்பொருளை மூடிட்டு, வாரம் ஒரு தடவை பென்டிரைவில் நகலெடுங்க. திறந்து வெச்சுக்கிட்டே நகலெடுத்தா தரவுத்தளக் கோப்பு பழுதாகலாம். தமிழ் ஆய்வேடுகளுக்கு விவரம் தானா வராது, கையால்தான் தட்டணும். எடுத்த தளமும் தேதியும் அப்பவே போட்டுடுங்க.