போனை எடுக்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

குளிர் நாட்டில் முதல் வீடு எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் முதல் டிசம்பரில் ஒரு ராத்திரி ஹீட்டிங் நின்றுவிட்டது. ராத்திரி வந்தால் கூடுதல் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் டெக்னீஷியன் வந்தார். வந்தவர் வீட்டைச் சூடாக்கும் மெஷினான ஃபர்னேஸின் பக்கவாட்டிலிருந்து ஓர் அட்டைச் சட்டத்தை உருவிக் காட்டினார். அதுதான் காற்று ஃபில்டர். சாம்பல் நிறக் கம்பளி போல் தூசி அப்பியிருந்தது. அதை எடுத்ததும் ஃபர்னேஸ் ஓட ஆரம்பித்தது. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நடந்தது இதுதான். ஃபில்டர் அடைத்தால் காற்று போதாமல் ஃபர்னேஸின் உள்பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பாதுகாப்பு ஸ்விட்ச் தீயை அணைத்துவிடுகிறது. கோடையில் இதே அடைப்பு, காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான ஏசி காயிலில் பனிக்கட்டி கட்ட வைக்கும். அப்படிக் கட்டினால் கூலிங்கை அணைத்து, ஃபேனை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டு உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டக் கூடாது, காயில் ஓட்டையாகிவிடும்.

ஒரு இஞ்ச் ஃபில்டர் என்றால் மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள், ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றவேண்டியிருக்கும். நான்கைந்து இஞ்ச் தடிமன் உள்ளவை ஆறு மாதமாவது தாங்கும். அளவு சட்டத்தின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். அம்புக்குறி ஃபர்னேஸைப் பார்த்து இருக்கவேண்டும். தூசி துளியும் வரக்கூடாதென்று மெர்வ் எண் (எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு) அதிகமுள்ள மெல்லிய ஃபில்டரை வாங்கிப் போட்டால் அதுவே காற்றை மறிக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு 8 முதல் 11 போதும். மாற்றிய தேதியைச் சட்டத்திலேயே மார்க்கரால் எழுதிவைப்பேன், இல்லாவிட்டால் எனக்கு ஞாபகம் இருக்காது.

வாடகை வீடா? ஃபில்டர் மாற்றுவது யார் வேலை, பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

கேஸ் ஃபர்னேஸ் உள்ள வீட்டில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டால் அடிக்கும் அலாரம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று சளிக்காய்ச்சல் போலத்தான் தொடங்கும். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைக்குப் பக்கத்திலும் ஒன்று வையுங்கள். பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். பேட்டரி மாற்றினாலும் அந்தத் தேதிக்குப் பிறகு அதை நம்ப முடியாது. அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லாரும் வெளியே போய் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். புதுவகை ஃபர்னேஸ்களின் புகை பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பைப் வழியாகப் போகிறது. பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு நடைபாதைப் பனியைத் தள்ளும்போதே அந்தப் பைப் வாயையும் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள் முதல் குளிர்காலத்தில் ஒருமுறையாவது பயந்துவிடுவார்கள். வெளியே இருக்கும் யூனிட்டிலிருந்து புஸ்ஸென்று சத்தத்தோடு ஆவி கிளம்பும். அது தன்மேல் படிந்த உறைபனியைத் தானே உருக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டை 20 டிகிரியிலிருந்து ஒரேயடியாக 27-க்கு ஏற்றினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்றும் நினைக்காதீர்கள். பல ஹீட் பம்ப்களில் துணைக்கு இருக்கும் மின்சார ஹீட்டர் விழித்துக்கொள்ளும். பில் வரும்போது தெரியும்.

ஏசிக்கு வருடா வருடம் கேஸ் நிரப்பவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோல் போலத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், புதுசு மாற்றும் பேச்சு. இரண்டு வருடம் கழித்து எங்கள் ஃபர்னேஸ் பற்றவைத்த சில நொடிகளில் அணைய ஆரம்பித்தது. வந்தவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பாகம்) விரிசல், இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்றார். விரிசல் உண்மையாக இருந்தால் ஆபத்துதான், புகை வீட்டுக் காற்றோடு கலந்துவிடும். அதனால் அலட்சியம் செய்யவில்லை. ஃபர்னேஸை அணைத்துவிட்டு, ஒரே அறையில் சின்ன மின்சார ஹீட்டரோடு அந்த இரவைக் கழித்தோம். விரிசலைப் போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னபோது அவர் மழுப்பியதுதான் எனக்கு உறுத்தியது. மறுநாள் வேறொருவர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். விரிசல் எதுவும் இல்லை. தீ எரிகிறதா என்று உணர்ந்து சொல்லும் பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பியில் அழுக்குப் படிந்திருந்தது. துடைத்துப் போட்டார், ஓடியது.

நிஜமாகவே மாற்றவேண்டிய காலமும் வரும். ஃபர்னேஸ் சுமார் 15 முதல் 20 வருடம், ஏசியும் ஹீட் பம்பும் 10 முதல் 15 வருடம் உழைக்கும். பழைய ஏசியின் பெயர்ப்பலகையில் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவின் பெயர் இருந்தால் பெரிய செலவு செய்து பழுதுபார்க்க வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2020-க்குள் அந்த வாயுவை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டுவிட்டன.

மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பழைய மெஷினின் அளவையே பார்த்து எழுதிக்கொண்டு போகிறவரை நான் கழித்துவிடுவேன். ஜன்னல், இன்சுலேஷன், கூரை எல்லாம் பார்த்து வெப்பச் சுமையை, அதாவது வீட்டுக்கு எவ்வளவு சூடும் குளிர்ச்சியும் தேவை என்பதைக் கணக்கிடுபவர்தான் வேண்டும். ஏசியின் திறனைச் சொல்லும் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றுவது. இரண்டரை டன் போதுமான வீட்டில் நாலு டன் மாட்டினால் ஏசி ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். அறை சில்லென்று இருக்கும், புழுக்கம் அப்படியே இருக்கும். நகராட்சி அனுமதி வேண்டுமென்றால் யார் வாங்குவது என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். மாட்டிய கையோடு வாரண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், பல கம்பெனிகள் அதற்கு நாள் கெடு வைத்திருக்கின்றன.

விலை கேட்க நல்ல நேரம் வசந்தமும் இலையுதிர் காலமும். முதல் உறைபனி விழுந்த பிறகு கூப்பிட்டால் அவர்கள் தரும் தேதிக்குத்தான் காத்திருக்கவேண்டும்.