முப்பது காசு சகரியாவில் இருக்க, மத்தேயு ஏன் எரேமியா என்கிறார்?

நெல்லிமரம்:
ஞாயிறு பள்ளியில், முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் பற்றிப் பாடம் எடுத்தேன். முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பைபிளோடு வந்துவிட்டான். "அக்கா, மத்தேயு 27:9இல் எரேமியா சொன்னதாகப் போட்டிருக்கிறது. எரேமியாவில் முப்பது காசு எங்கே?" தேடிப் பார்த்தேன், இல்லை. சகரியா 11இல்தான் இருக்கிறது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

பனையோலை:
பையன் பிழைத்துக்கொள்வான்!

காசு சகரியாவுடையதுதான். மேய்ப்பன் கூலி கேட்கிறான், முப்பது நிறுத்துக் கொடுக்கிறார்கள். யாத்திராகமம் 21:32இல் மாடு முட்டிய அடிமைக்கு எஜமான் வாங்கும் ஈடும் அதே முப்பதுதான். மேய்ப்பன் 'பெரிய மதிப்புதான்' என்று குத்தலாகச் சொல்லி அந்தக் காசை ஆலயத்தில் குயவனிடம் எறிகிறான். ஆலயத்தில் குயவனுக்கு என்ன வேலை? எபிரேயத்தில் குயவன் யோட்சேர், கருவூலம் ஓட்சார். பழைய சீரிய மொழிபெயர்ப்பு கருவூலம் என்றே படிக்கிறது. மத்தேயுவில் இரண்டுமே வருகின்றன: யூதாஸ் எறிந்த காசைக் கருவூலத்தில் போடக்கூடாது என்று ஆசாரியர்கள் அதில் குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள்.

ஆனால் சகரியாவில் நிலம் கிடையாது. நிலம் வாங்கியவர் எரேமியா, 32ஆம் அதிகாரம். குயவன் வீட்டுக்குப் போனவரும் அவரே (18). மத்தேயு சகரியாவையும் எரேமியாவையும் கோத்து, இருவரில் பெரிய தீர்க்கதரிசியான எரேமியாவின் பேரைப் போட்டார் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது சரியாகப் படுகிறது.

எரேமியா வாங்கிய நிலம் இருந்த ஊர் ஆனதோத், அவருடைய சொந்த ஊர். அந்த ஊர்க்காரர்கள்தான் அவரைக் கொல்லப் பார்த்தார்கள் (11:21). கூடப்பிறந்தவர்களே துரோகம் செய்தார்கள் (12:6). அப்புறம் கி.மு. 587 வாக்கில் பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, இவர் காவல் முற்றத்தில். பங்காளி அனாமெயேல் வந்து, ஆனதோத்து நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

கரிசல்:
சங்கீதம் 41:9ஐ விட்டுவிட்டீர்களே, அப்பம் தின்ற நண்பன் குதிகாலைத் தூக்கியது. யோவான் 13:18 அதை யூதாஸுக்குத்தான் சொல்கிறது.

பனையோலை:
சொல்கிறது. ஆனால் அதே சங்கீதத்தின் 4ஆம் வசனத்தில் பேசுகிறவர் 'என்னைக் குணமாக்கும், பாவஞ்செய்தேன்' என்கிறார். அதனால் முதலில் அது ஒரு நோயாளியின் புலம்பல். அந்த வலியை ஒதுக்கிவிட்டு நேரே யூதாஸிடம் ஓட எனக்கு மனமில்லை.

பையனுக்கு எரேமியா 38ஆம் அதிகாரத்தையும் காட்டுங்கள். பிரபுக்கள் எரேமியாவைச் சேற்றுத் துரவில் இறக்கிவிட்டார்கள். தூக்கியவன் எபெத்மெலேக், எத்தியோப்பியன். கயிறு அறுக்காமல் இருக்க, அக்குளில் வைக்கக் கந்தைத் துணியும் போட்டான்.

நெல்லிமரம்:
சரி, கந்தையிலிருந்தே தொடங்குகிறேன். எதிரிப் படை நிற்கும்போது நிலம் ஏன் வாங்கினார் என்று நிச்சயம் கேட்பான். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்ற எரேமியா 32:15ஐ இப்போதே குறித்துக்கொண்டேன்.