மஸ்க் ஆர்க்கிட் நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஆர்க்கிட்னு சொன்னதும் மரக்கிளைல தொத்திக்கிட்டு பளபளன்னு பூக்கிறதுதான் நிறைய பேருக்கு ஞாபகம் வரும், ஆனா இது தரையில கிழங்குலேர்ந்து முளைக்கிற ஜாதி, மொத்தச் செடியும் பல சமயம் விரல் உசரம்தான், பூவும் மஞ்சள் கலந்த பச்சை சுத்தி இருக்கிற புல்லும் பச்சை, அதனால கண்ணு பழகுற வரைக்கும் காலுக்குப் பக்கத்துலயே நின்னாலும் தெரியாது. நான் பாத்தது இங்கிலாந்துல, ஹாம்ப்ஷயர் பக்கம் நோர் ஹில்ங்கிற இடத்துல. இடைக்காலத்துல சுண்ணாம்பு வெட்டி எடுத்த குழிங்க மேடும் பள்ளமுமா கிடக்கு, அதுமேல புல் மூடி, இப்ப இயற்கைக் காப்பகமா வச்சிருக்காங்க. ஜூன் கடைசி, ஜூலைதான் சீசன்.

அன்னைக்கு நல்ல வெயில். ஒரு குழியோட சரிவுல குனிஞ்சு தேடிட்டு இருக்கேன், கண்ணுல எதுவும் படல, லேசா தேன் வாசனை மட்டும் வருது. முட்டி போட்டு முகத்தைத் தரைகிட்ட கொண்டு போனேன், ஒண்ணு தெரிஞ்சுது, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அப்புறம் பாத்தா அந்தச் சரிவு முழுக்க அதுதான்! அடியில ரெண்டு மூணு இலை, நடுவுல ஒல்லியா ஒரு தண்டு, அதுல குட்டிக் குட்டி மணி மாதிரி பூக்கள் பாதி திறந்தும் திறக்காமலும் நெருக்கமா தலை கவுந்து நிக்குது. லென்ஸ் வச்சுப் பாத்தா உதடுன்னு சொல்ற அந்த இதழ் மூணா பிரிஞ்சு நடுவுல உள்ளது மட்டும் நீளமா இருக்கு. எவ்வளவு நேரம் அப்படியே படுத்துக் கிடந்தேன்னு தெரியல, எழுந்திரிக்கவே மனசு வரல.

இது பிழைக்கணும்னா புல் குட்டையா இருக்கணும். ஆடு மாடு மேயறது நின்னு போச்சுன்னா உசரமான புல்லும் புதரும் சீக்கிரமே மேல ஏறி மூடிடும், வெளிச்சம் கிடைக்காம இது போயிடும். தெற்கு இங்கிலாந்துல பழைய மேய்ச்சல் நிலங்களை உழுததுலயும் மேய்ச்சலைக் கைவிட்டதுலயும் எத்தனையோ இடத்துல இது காணாமப் போச்சு. நினைச்சாலே வயிறு எரியுது.

நீங்க எங்க பாத்தீங்க?

———

அருமை சகோ, படிக்கும்போதே போகணும் போல இருக்கு. நான் பாத்தது ஸ்விட்சர்லாந்துல, ஆல்ப்ஸ் மலைல ஒரு புல்வெளி. கூட வந்தவங்க இதை ஃபிராக் ஆர்க்கிட்னு சொன்னாங்க, ரெண்டுமே பச்சைங்கிறதால அந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வருது. ஃபிராக் ஆர்க்கிட்டுக்கு உதடு பட்டையா நாக்கு மாதிரி கீழ தொங்கும், செம்பழுப்பு நிறமும் ஓடியிருக்கும். ட்வேபிளேடுங்கிற இன்னொரு ஆர்க்கிட்டும் பச்சைதான், ஆனா அது நல்ல உசரம், அடியில எதிரெதிரா ரெண்டு பெரிய அகல இலை, அதை வச்சே பிரிச்சிடலாம். எனக்கு சந்தேகம் வந்தா குனிஞ்சு மோந்து பாத்துடுவேன், தேன் வாசனை நல்லா வந்துட்டா பெரும்பாலும் இதுதான்.

ஒரு விஷயம் சேத்துக்கிறேன். போன தடவை இருந்த இடத்துல இந்த வருஷம் பூவே இல்லன்னா உடனே அழிஞ்சிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. மழை இல்லாத வருஷத்துல பூக்காமலே இருந்துடும். மண்ணுக்கடியில மெல்லிசா ஓடுற தண்டோட நுனியில புதுக் கிழங்கு வச்சு பக்கத்துல பக்கத்துல பரவுறதால, ஒரு இடத்துல இருந்தா கூட்டமாத்தான் இருக்கும்.

———

வணக்கம், நான் பூவை விட அதுக்கு வர்ற பூச்சியைத் தேடிப் போன ஆளு. தேனீ, பட்டாம்பூச்சி வரும்னு காத்திருந்தா ஏமாந்துடுவோம், ஏன்னா இந்தப் பூவுக்குள்ள நுழையறது பொடிப் பொடி ஈ, குளவி, வண்டு, அதுல பெருசே ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் அவ்வளவுதான். டார்வினோட மகன் ஜார்ஜ் இதை உக்காந்து கவனிச்சு, மகரந்தக் கட்டி ஒட்டின 27 பூச்சிகளைப் பிடிச்சாரு. அந்தக் கட்டி ஒட்டியிருந்தது முன்னங்கால் தொடையில! பூவுக்குள்ள இடம் அவ்வளவு நெருக்கடி, பூச்சி ஒரு பக்கமா ஒருக்களிச்சுத்தான் உள்ள போய் வர முடியும், அப்ப கால் போய் அந்தக் கட்டியோட ஒட்டுற பாகத்துல கரெக்டா மோதும். நான் பாத்தப்ப ஒரு குட்டி ஈ வெளிய வந்து உதட்டு நுனியில நின்னுச்சு, கால்ல மஞ்சளா ஒரு புள்ளி. லென்ஸைப் பிடிச்ச கை நடுங்கிடுச்சு எனக்கு.

சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க, காத்து இல்லாத இடமாப் பிடிங்க.

———

ஆஹா, கால்ல ஒட்டுற விஷயம் எனக்குப் புதுசு, அடுத்த சீசன்ல அதுக்குன்னே போறேன். போட்டோ எடுக்கப் படுக்கிறவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, பூக்காத செடியும் சுத்தி நிறைய இருக்கும், வெறும் ரெண்டு இலைதான், புல்லோட புல்லா கிடக்கும். முழங்கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்தைக் கையால லேசா விலக்கிப் பாத்துட்டு வைங்க.